நெற்றிக்காசு

என் வயதுக்காரர்களே, காலையில் பார்க்கில் நாலு சுற்று நடந்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் நீங்கள் செல்போனை நீட்டி ஒரு வீடியோ காட்டுகிறீர்கள். பழைய காசில் இந்தக் குறி இருந்தால் ஒரு லட்சம், அந்தக் கோடு இருந்தால் ரெண்டு லட்சம் என்று அதில் ஒரு பையன் தொண்டை கிழியக் கத்துகிறான். "உங்க வூட்டு அலமாரியில தேடிப் பாருங்க" என்று என்னையும் பிடுங்கி எடுக்கிறீர்கள். நான் எதையோ சொல்லி மழுப்பிவிட்டு எழுந்து போய்விடுகிறேன். பணம் வேண்டாத மகராசி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்துப் பெரிய ஒரு ரூபாய்க் காசைத் தொட எனக்குப் பயம். முப்பது வருடம் தாலுகா ஆபீஸில் டைப் அடித்து, நாலு தாசில்தாரோடு சண்டை போட்டவளுக்கு ஒரு காசைக் கண்டு பயமா என்று சிரிக்காதீர்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

எனக்குப் பத்து வயது. ஆண்டிமடம் பக்கம் எங்கள் ஊர். முந்திரிக்கொட்டை பொறுக்குகிற கோடைகாலம். பழம் மரத்தடியில் விழுந்து புளித்து, ஊரே ஒரு மாதிரி இனிப்பும் கள்ளும் கலந்த வாடையில் கிடக்கும். கொட்டை வறுக்கிற புகை கண்ணில் ஏறும். எங்கள் எல்லார் விரலிலும் முந்திரிப்பால் பட்டுத் தோல் உரிந்திருக்கும். அந்த வருடம் முந்திரி வியாபாரி பொறுக்குகிறவர்களுக்குக் கூலி கொடுக்க பேங்கிலிருந்து புத்தம்புது ஒரு ரூபாய்க் காசு மூட்டை கொண்டுவந்தார். ஊருக்குள் எங்கே பார்த்தாலும் அந்தப் புதுக் காசுதான் மின்னியது. இதை நினைவில் வைத்துக்கொள்ள எனக்கு அப்போது புத்தி போதவில்லை.

அத்தை, அப்பாவின் தங்கை, வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் அம்மாவுக்கும் அப்போது நாலாம் மாதம். ஒரே வீட்டில் ரெண்டு பிள்ளைத்தாய்ச்சி இருப்பது ஆகாது என்று பெரியப்பா முணுமுணுத்தார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனாலும் தங்கை என்பதால் விட்டுவிட்டார்.

அத்தைக்குச் சும்மா உட்கார வராது. வேலை செய்யவும் விடமாட்டார்கள். அதனால் அவள் காசு பார்க்க ஆரம்பித்தாள். வீட்டில் யார் மடியில் இருக்கிற சில்லறையையும் வாங்கி, ஜன்னலோரம் ஒரு துண்டில் பரப்புவாள். ஒவ்வொன்றாக வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். அரிசியில் கல் பார்க்கிற கண் அவளுக்கு. ஓரம் நெளிந்த பத்துப் பைசா ஒன்று, அதில் எண் நடுவில் இல்லாமல் ஒருபக்கமாக ஒதுங்கி நிற்கும். ஐம்பது பைசா ஒன்று, திருப்பினால் மறுபக்கம் தலைகீழாக வரும். இப்படி அகப்பட்டதையெல்லாம் பவுடர் டப்பாவில் போட்டு வைத்தாள்.

"நகத்த வச்சுப் பாருடி" என்பாள் என்னிடம். "கோடு உள்ள குழிஞ்சு போனா எவனோ பின்னாடி கீறிவுட்டது. மேல தூக்கிட்டு நின்னா அது பொறக்கும்போதே வந்தது."

அப்படித்தான் அந்தக் காசு கிடைத்தது. புது ஒரு ரூபாய். நடுச் சிங்கத்தின் கண்ணிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, கன்னம் வழியாக இறங்கி, விளிம்பு வரை போயிருந்தது. நகம் வைத்தால் நூல் மாதிரித் தட்டியது. அத்தை அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுவுதுடி இது" என்றாள். பிறகு தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "எதுக்கு அழுவுதோ" என்றாள். எனக்கு முதுகு சில்லிட்டது. சிங்கம் அழுததால் அல்ல, அவள் அதைக் கேட்ட குரலால்.

எட்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், தலை வலிக்கிறது, கண் இருட்டுகிறது என்று படுத்தவளுக்குக் கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கார் சொல்லி அது வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயிற்றில் பிள்ளையோடு போய்விட்டாள். அவள் கையில் வளைகாப்பு வளையல் அத்தனையும் அப்படியே கிடந்தது. யாராவது அவளைப் புரட்டும்போதெல்லாம் அது கலகலவென்று பேசியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

எங்கள் பக்கம் செத்தவர் நெற்றியில் சந்தனம் குழைத்து ஒரு ரூபாய்க் காசு ஒட்டுவார்கள். அம்மா "ஒரு ரூவா காசு எடுத்தாடி" என்று அழுதுகொண்டே என்னிடம் கேட்டாள். அத்தைக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்று நான் ஓடிப்போய் பவுடர் டப்பாவிலிருந்து அழுகிற சிங்கத்தை எடுத்து வந்தேன். பெரியப்பா அதை வாங்கி, "என்னா இது, கோடு வுழுந்துருக்கு" என்று பார்த்துவிட்டு, சிங்கம் வெளியே தெரியும்படி ஒட்டினார்.

குழி வெட்டுகிறவர் வாசலுக்கு வெளியே நின்றார். ஊரில் அவரைக் குழிக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து வயதில் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், அவன் இவன் என்றுதான். இப்போது குழிக்காரர் என்று சொல்கிறேன். சொல்வது சுலபமாகத்தான் இருக்கிறது. பிணத்தைக் குழியில் இறக்கியதும் நெற்றிக்காசை எடுத்துக்கொள்வது அவருடைய பாத்தியதை. யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் கை தானாகப் போய் எடுக்கும்.

பெரியப்பா அவரிடம், "டேய், இது வயித்துப் புள்ளையோட போறவ. அந்தக் காசு அவளோடயே போவணும். எடுத்தீன்னா அவ அதத் தேடிக்கிட்டு வூட்டுக்கு வருவா. வூட்டுல இன்னொருத்தி மாசமா இருக்கா. புரியுதா?" என்றார்.

"புரியுதுங்கய்யா. எடுக்க மாட்டேன்ங்க. எம்புள்ள மேல சத்தியம்ங்க" என்றார் குழிக்காரர். அவர் மகள் பக்கத்தில்தான் நின்றாள். என் வகுப்பில் படிக்கிறவள். அவள் தலையில் கை வைத்தே சத்தியம் செய்தார். காசுக்குப் பதிலாக வேறு ரூபாய் அவருக்குக் கொடுத்தார்கள்.

இடுகாட்டிலிருந்து திரும்பும்போது வழி நெடுகக் கடுகு இறைத்துக்கொண்டு வந்தார்கள். அவள் திரும்பி வந்தால் கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு நிற்பாளாம், அதற்குள் விடிந்துவிடுமாம். எனக்கு மட்டும் தெரியும், அது நடக்காது என்று. மூட்டைக் காசில் நூல் கோட்டைக் கண்டுபிடித்தவளுக்குக் கடுகு எம்மாத்திரம்? சீக்கிரமே பொறுக்கி முடித்துவிட்டு வந்துவிடுவாள்.

வந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். நல்ல உச்சிவெயில். உப்பு வண்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். அம்மா உப்பு வாங்கிக்கொண்டு, மிச்சச் சில்லறையை என் கையில் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னாள். வெயிலில் கிடந்த காசு, கொதித்தது. அதில் ஒன்று அழுகிற சிங்கம். அதே கண், அதே கன்னம், அதே கோடு. அத்தைக்கு நெற்றி இவ்வளவு சூடாகவா இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றியதோ தெரியவில்லை. வீல் என்று கத்தினேன். அம்மா வந்து பார்த்தாள். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் அவளுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது.

பெரியப்பா குழிக்காரரை வரவழைத்தார். வாசலில் ஊரே கூடியது. காசை ஒரு முறத்தில் போட்டு முன்னால் வைத்தார்கள், யாரும் கையில் தொடவில்லை.

"இது எப்புடிடா வெளிய வந்துச்சு?"

"எனக்குத் தெரியலைங்கய்யா. குழிக்குள்ள எறங்குனது நெசம், மூஞ்சி மேல சேலைய இழுத்து வுட்டது நெசம். காச நான் தொடலைங்க."

"அப்ப அதுவா எந்திரிச்சு நடந்து வந்துச்சா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. எழுந்து வந்தாலும் வந்திருக்கும் என்றுதான் எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

குழிக்காரர் சொன்னார், "சந்தேகம்னா நாலு பேரு வாங்கய்யா, தெறந்து பாத்துருவோம். காசு இருந்தா நான் யோக்கியன். இல்லன்னா என்னையும் அதுலயே தள்ளி மூடிப்புடுங்க."

எத்தனை நியாயமான பேச்சு! இன்று நீங்களும் நானும் கேட்டால் சரி என்போம். அன்று வாசலே பதறியது. பிள்ளைத்தாய்ச்சி புதைத்த குழியைத் திறப்பதா, வீட்டில் இன்னொரு பிள்ளைத்தாய்ச்சி காய்ச்சலில் கிடக்கையிலா, அடி ஆத்தாடி! பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த உண்மையைவிடக் குழிதான் பயமாக இருந்தது.

கடைசியில் குழிக்காரர் என்னைப் பார்த்தார். "பாப்பாதானுங்க காச எடுத்துக் கொடுத்துச்சு. அதையே கேளுங்க. பாப்பா, நல்லாப் பாத்துச் சொல்லு, அந்தக் காசுதானா?"

நான் குனிந்து நகத்தை வைத்தேன். தட்டியது. "இதான்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. அதுதான் என்று சத்தியமாக நம்பினேன். அவர் மகள் அவர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் அம்மா இருந்த அறைக்குள் ஓடிவிட்டேன்.

இனி அந்த ஊரில் அவருக்கு வேலை இல்லை, களத்தில் நெல் இல்லை, ஒரு வாரத்தில் குடும்பத்தோடு கிளம்பிவிட வேண்டும் என்று முடிவானது. முறத்துக் காசைப் பெரியப்பா மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்தார். நல்ல நாள் பார்த்து அத்தையின் குழிமேட்டிலேயே புதைத்துவிடலாம் என்றார்.

இதுவரைக்கும் பெரியவர்கள் செய்தது. இனி நான் செய்தது.

நாலாவது நாள் கடைக்கு வெல்லம் வாங்கப் போனேன். பாக்கிச் சில்லறையைக் கைக்குள் பொத்திக்கொண்டு முந்திரித் தோப்பு வழியாக வந்தேன். காற்றே இல்லை. ஆனாலும் சருகு என் பின்னால் நடந்துகொண்டே வந்தது. நின்றால் அதுவும் நின்றது. என் கட்டைவிரல் நகம் கைக்குள்ளேயே காசைத் தடவிக்கொண்டிருந்தது. தட்டியது. பார்க்காமலே தெரிந்துவிட்டது எனக்கு. பார்த்தேன். சிங்கம் அழுதுகொண்டிருந்தது.

மாடத்திலிருந்து எழுந்து என் பின்னாலேயே வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு ஓடினேன். மத்தியானம், எல்லாரும் தூக்கத்தில். மாடத்து மஞ்சள் துணியை அவிழ்த்தேன். அந்தக் காசு அங்கேயேதான் இருந்தது. பக்கத்தில் என் கையில் இருந்ததை வைத்தேன். ரெண்டு சிங்கம். ரெண்டு கண். ரெண்டு கோடு. மயிரிழை வித்தியாசம் கிடையாது.

ஒரு காசு குழியிலிருந்து வந்ததென்றால் இன்னொன்று எங்கிருந்து வந்தது? இதைக் கேட்டிருந்தால் போதும். பத்து வயதுக் கழுதை, நாலாம் வகுப்பில் கணக்கில் முதல் மார்க். ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. குழிக்குள் போனது ஒருத்தி இல்லையே, ரெண்டு பேராயிற்றே. ஒன்று அத்தை. இன்னொன்று வயிற்றுப் பிள்ளை. அதுவும் வந்துவிட்டது.

பக்கத்து அறையில் அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். அவள் வயிறு ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளை எங்கே போக வந்திருக்கிறது என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டதுபோல இருந்தது. முதல் காசை முடிந்து மாடத்தில் வைத்துவிட்டு, ரெண்டாவதை எடுத்துக்கொண்டு கொல்லைக் கிணற்றுக்கு ஓடிப் போட்டேன். கோடைத் தண்ணீர், ஆழத்தில் கிடந்தது. வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் கேட்டது. கேட்ட சத்தம் காசு விழுந்த மாதிரி இல்லை, யாரோ "ம்" என்ற மாதிரி இருந்தது. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் மூன்று நாள் குழிக்காரர் ஊரில்தான் இருந்தார். அந்த மூன்று நாளில் நான் வாயைத் திறந்து "பெரியப்பா, இன்னொன்னும் இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். ரெண்டு காசையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எந்தப் பெரியப்பாவுக்கும் ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். ஏழாம் நாள் காலையில் அவர்கள் தட்டுமுட்டுச் சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசியாகப் போன பிள்ளையின் கையில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு இருந்தது.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது. ஐப்பசியில் தம்பி பிறந்தான், கொழுகொழுவென்று. "அந்தப் பயல ஊர வுட்டுத் தொரத்துனதாலதான் இந்தப் புள்ள தங்குச்சு" என்று பெரியப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதைச் சொல்வார். நாங்களும் பாயசத்தைக் குடித்துக்கொண்டே கேட்போம். வெட்கக்கேடு.

போன வருடம் இங்கே பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய நாணயக் கண்காட்சி போட்டார்கள். வீட்டில் கரண்ட் இல்லை, மண்டபத்தில் ஏசி ஓடும் என்றுதான் போனேன். உண்மையைச் சொல்வதில் என்ன கூச்சம்? லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் மேசை போட்டிருந்தார். வளைகுடாவில் இருபது வருடம் கடையில் நின்று பொழுதுபோகாமல் காசு சேர்க்கத் தொடங்கினவராம். அவர் மேசையில் கண்ணாடித் தட்டுக்குள் நாலு ஒரு ரூபாய்க் காசு வரிசையாக இருந்தது. நாலு சிங்கமும் அழுதுகொண்டிருந்தது.

எனக்குக் கண் இருட்டியது. அவர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கக்கா, தண்ணி குடிங்க. சுகர் இருக்கா?"

"இந்தக் கோடு..." என்றேன்.

"அதா? அது அச்சு வெடிப்புக்கா. காசு அடிக்கிற அச்சுல விரிசல் வுட்டா, அந்த விரிசலுக்குள்ள உலோகம் பூந்து மேல கோடா நிக்கும். அந்த அச்ச மாத்துற வரைக்கும் அடிச்ச அத்தனைலயும் இதே எடத்துல இதே கோடு வரும்."

"அத்தனைன்னா எத்தன?"

"ஆயிரம் இருக்கும், பத்தாயிரமும் இருக்கும், அல்லாவுக்குத்தான் வெளிச்சம். ஒரு அச்சுல அடிச்சது ஒரே மூட்டையில வுழுவும். மூட்டை ஒரே பேங்குக்குப் போவும். இந்த நாலுமே ஆண்டிமடம் பக்கத்துல வாங்குனதுதான். லட்சம் கிட்சம்னு வீடியோவுல சொல்லுறத நம்பாதீங்க. எடுத்துக்கிறீங்களா, நூறு நூறு ரூவா குடுங்க."

ரெண்டு காசு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அத்தை வரவில்லை. பிள்ளை வரவில்லை. வந்தது வியாபாரியின் மூட்டை.

குழிக்காரர் பெரம்பலூர் பக்கம் கல் உடைக்கப் போனதாக ஊரில் எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். விசாரித்து விசாரித்து ரெண்டு மாதம் ஆனது. அவர் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. மகள் இதே டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறாள். இத்தனை வருடமாக நான் அந்தத் தெரு வழியாகத்தான் ஆபீஸ் போய் வந்திருக்கிறேன்.

யாரென்று சொன்னதும் மிஷினை நிறுத்தினாள். கழுத்தில் டேப்பு, தலை என்னைவிட வெளுத்திருந்தது. "பெரிய வூட்டுப் பொண்ணுங்களா? உக்காருங்க" என்றாள். ரெண்டு காசையும் அவள் முன்னால் வைத்தேன். அச்சு வெடித்ததைச் சொன்னேன். கடையில் கிடைத்த காசைச் சொன்னேன், கிணற்றைச் சொன்னேன். "உங்கப்பா எடுக்கல. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும். நான் வாயத் தொறக்கல. என்ன மன்னிச்சிருங்க" என்றேன்.

அவள் காசைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவரு எடுக்கலன்னு எங்களுக்குத் தெரியும்ங்க" என்றாள். "ஆனா மொதல்ல அவருக்கே சந்தேகம் வந்துருச்சு. ஆயுசு முழுக்க எடுத்துப் பழகுன கை பாருங்க. அசதியில, தன்னையறியாம எடுத்துட்டமோன்னு தூக்கமில்லாம பொலம்புனாரு. ஊர வுட்டுக் கெளம்புன அன்னைக்கு விடியக்காலையில, ஒத்தையா போயி அந்தக் குழியத் தோண்டிட்டாரு."

"தோண்டி?" என்றேன்.

"தலமாட்டுல மட்டும் மண்ணத் தள்ளிப் பாத்தாராம். காசு வச்ச எடத்துலயே இருந்துச்சாம். சாவப்போறப்பத்தான் எங்கிட்ட சொன்னாரு."

நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் கேட்டேன். "அத எடுத்தாந்து எங்க பெரியப்பா முன்னாடி வீசியிருக்கலாமே? ஊரே பாத்திருக்குமே?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எடுக்க மாட்டேன்னு என் தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணியிருந்தாருல்லங்க" என்றாள்.